தேயிலை மலையும் சாலகத் துணிக்கைகளும்: நெடுங்காலத்தில் என்ன எஞ்சும்?

இலங்கையின் தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் தேயிலை நடும்போது பொதுவாக நிரைக்கு நிரை 4 அடி, செடிக்குச் செடி 2 அடி விடுவார்கள். மீற்றரில் ஏறக்குறைய 1.2, 0.6. நூறு நிரை, நிரைக்கு நூறு செடி என்று வைத்தால் 10,000 செடிகள், 0.72 ஹெக்டேர் நிலம். இந்த மலையில் ஒரேயொரு செடியின் கொழுந்தில் கொப்புள நோய் என்ற பூஞ்சண நோய் விழுகிறது. அது பக்கத்துச் செடிக்கு ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். நோயுற்ற செடி தேறும். தேறிய செடிக்கு மறுபடியும் தொற்றும். நீண்ட காலம் கழித்து மலை எந்த நிலையில் இருக்கும்? நோய் ஒழிந்திருக்குமா, ஓரிடம் விட்டு ஓரிடம் மாறி மாறி என்றும் இருந்துகொண்டே இருக்குமா?

சாலகத்தில் இடைத்தாக்கமுறும் துணிக்கைத் தொகுதிகள் என்ற கணிதப் பிரிவு கேட்பது இந்த வகைக் கேள்விகளைத்தான். சாலகம் என்பது ஒழுங்காக அடுக்கிய புள்ளிகள். இங்கே ஒவ்வொரு செடியும் ஒரு புள்ளி. புள்ளியில் துணிக்கை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இங்கே நோய் இருந்தால் துணிக்கை இருக்கிறது என்று கொள்வோம். ஒரு புள்ளியின் நிலை எழுமாறாக மாறுகிறது. ஆனால் மாறும் வேகத்தை அண்டைப் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. 1970 இல் ஸ்பிட்சர் இத்தகைய தொகுதிகளை ஒரு பொதுச் சட்டகத்துக்குள் கொண்டுவந்தார். நமது மலைக்குப் பொருந்தும் மாதிரியை 1974 இல் ஹாரிஸ் முன்வைத்தார். அதைத் தொடுகைச் செயன்முறை என்று அழைப்போம்.

விதிகள் இரண்டே. நோயுற்ற செடி ஒவ்வொன்றும் வீதம் 1 இல் தேறும். அதே செடி தன் நான்கு அண்டைச் செடிகள் ஒவ்வொன்றுக்கும் லாம்டா என்ற வீதத்தில் நோயைக் கடத்த முயலும். தேறும் வீதம் 1 என்றால், ஒரு செடி நோயோடு இருக்கும் சராசரிக் காலத்தையே நாம் கால அலகாக எடுத்திருக்கிறோம் என்று பொருள். அந்த அலகு மூன்று வாரமா, நான்கு வாரமா என்பதைத் தோட்டத்து அளவீடு சொல்லட்டும். கணக்குக்கு அது தேவையில்லை. ஓர் அலகு கடந்த பின்னும் தேறாமல் இருக்கும் நிகழ்தகவு 0.37. லாம்டா 0.4 என்றால், ஒரு செடி நோயோடு இருக்கும் காலம் முழுவதிலும் நான்கு பக்கமும் சேர்த்துச் சராசரியாக 1.6 முயற்சிகள் நடக்கும்.

சராசரிக் கணக்கு எங்கே சறுக்குகிறது

பலரும் முதலில் போடும் கணக்கு இது. மலையில் நோயுற்ற செடிகளின் பங்கு அ என்க. புதிய தொற்று உண்டாகும் வீதம் 4 × லாம்டா × அ × (1 − அ), தேறும் வீதம் அ. இரண்டும் சமப்படும் இடத்தில் அ = 1 − 1/(4 × லாம்டா). ஆகவே லாம்டா 0.25 ஐத் தாண்டினால் நோய் நிலைக்கும், 0.4 என்றால் அ = 0.375. பத்தாயிரத்தில் 3,750 செடிகள் எந்நேரமும் நோயோடு இருக்க வேண்டும்.

சாலகத்தில் அப்படி நடப்பதில்லை. லாம்டா 0.4 இல் நோய் முற்றாக ஒழிந்துவிடும். இருபரிமாணச் சதுரச் சாலகத்தில் நோய் நிலைக்கத் தொடங்கும் அவதிப் பெறுமானம் 0.25 அல்ல, ஏறக்குறைய 0.4122.

நோயுற்ற செடிகள் மலை முழுவதும் கலந்து சிதறிக் கிடப்பதாக அந்தச் சமன்பாடு எடுத்துக்கொண்டது. உண்மையில் அவை திட்டுத் திட்டாகக் கிடக்கும். இப்போதுதான் தொற்றுப் பெற்ற செடியைப் பாருங்கள்: அதற்கு நோயைக் கொடுத்த செடி பக்கத்திலேயே, பெரும்பாலும் இன்னும் நோயோடு நிற்கிறது. நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் ஏற்கனவே அடைபட்டுவிட்டது. திட்டின் நடுவில் இருக்கும் செடிக்கு நான்கு பக்கமும் அடைபட்டிருக்கலாம். அதன் முயற்சிகள் எல்லாம் வீண். பரவல் நடப்பது திட்டின் ஓரத்தில் மட்டும்.

ஒரு பக்கம் அடைபட்டு மூன்று பக்கமே மீதி என்று எண்ணினால், 3 × லாம்டா 1 ஐ விடக் குறைவாக இருக்கும்வரை நோய் தழைக்காது என்ற ஊகம் வரும். இந்த ஊகம் சரியானது. அவதிப் பெறுமானம் 1/3 இற்குக் குறையாது என்பது கறாராக நிறுவப்பட்ட தேற்றம். நிறுவல் இதைவிட நுணுக்கமானது, ஆனால் அதன் சாரம் இதுதான். மேல் எல்லை 1 என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. 0.4122 என்ற எண்ணோ கணினியில் கிடைத்தது; அதற்குச் சரியான சூத்திரம் இதுவரை எவருக்கும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு நிரையை மட்டும் எடுத்து, இரு பக்கத்து அண்டைச் செடிக்கு மட்டும் நோய் கடக்கும் என்று வைத்தால் நிலைமை இன்னும் கடுமையாகிறது. அங்கே அவதிப் பெறுமானம் ஏறக்குறைய 1.6489. சராசரிக் கணக்கோ 0.5 என்று சொல்லும். மூன்று மடங்குக்கும் மேலான பிழை. 1978 இல் ஹோலியும் லிகெட்டும் இந்த ஒருபரிமாணப் பெறுமானம் 2 ஐத் தாண்டாது என்று நிறுவினார்கள். அண்டை குறையக் குறைய, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதே விதியைத் தீர்மானிக்கிறது.

ஹாரிஸின் படம்

இந்தத் துறையில் தொடங்குபவர் ஒரு கருவியை மட்டுமே கற்கலாம் என்றால் நாம் இதையே சொல்வோம். தாளின் அடியில் ஒரு நிரைச் செடிகளை வரிசையாகக் குறியுங்கள். ஒவ்வொரு செடியிலிருந்தும் மேல்நோக்கி ஒரு கோடு. அது அந்தச் செடியின் காலம். ஒவ்வொரு கோட்டிலும் வீதம் 1 இல் எழுமாறாகப் பெருக்கல் குறிகளை இடுங்கள்: அந்தக் கணத்தில் செடி தேறுகிறது. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் ஒவ்வோர் அண்டைக் கோட்டுக்கும் வீதம் லாம்டாவில் அம்புகளை வரையுங்கள்: அந்தக் கணத்தில் நோய் கடக்க முயல்கிறது. இப்போது அடியில் எந்தச் செடிகள் நோயோடு தொடங்குகின்றனவோ அங்கிருந்து மேல்நோக்கி நடங்கள். பெருக்கல் குறியில் முட்டினால் அந்த வழி முடிந்தது, அம்பு வந்தால் விரும்பினால் தாவலாம். தா என்ற ஏதேனும் ஒரு நேரத்தில் எட்ட முடிந்த செடிகள் எல்லாம் அப்போது நோயுற்றவை.

குறிகளையும் அம்புகளையும் வரையும்போது யார் நோயோடு தொடங்கினார் என்று நாம் கேட்கவே இல்லை. ஒரே படத்தில் இரண்டு தொடக்கங்களை ஓட்டிப் பார்க்கலாம். கூடுதல் செடிகள் நோயோடு தொடங்கினால் எந்த நேரத்திலும் நோயுற்றவை குறையாது, ஏனெனில் சிறிய தொடக்கத்துக்குத் திறந்த வழி எல்லாம் பெரிய தொடக்கத்துக்கும் திறந்ததே. லாம்டாவைக் கூட்டுவது என்பது சில அம்புகளைச் சேர்ப்பது மட்டும். அதனால் நோய் குறைய வழியில்லை. அவதிப் பெறுமானம் ஒன்றே ஒன்றுதான், அதற்குக் கீழே அழிவு, மேலே நிலைப்பு என்பது இதிலிருந்தே கிடைக்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. படத்தைத் தலைகீழாகத் திருப்பி அம்புகளின் திசையை மாற்றுங்கள். பெருக்கல் குறிகளும் அம்புகளும் முன்பிருந்த அதே வீதங்களில்தான் சிதறியிருக்கும். படத்தின் நிகழ்தகவுச் சட்டம் மாறவில்லை. எனவே, ஒரேயொரு செடியில் தொடங்கிய நோய் நேரம் தா வரை எங்காவது உயிரோடிருக்கும் நிகழ்தகவும், எல்லாச் செடிகளும் நோயோடு தொடங்கினால் நேரம் தா-வில் குறித்த ஒரு செடி நோயோடிருக்கும் நிகழ்தகவும் துல்லியமாகச் சமம். ஒரு தொற்று வேரூன்றும் வாய்ப்பு எவ்வளவு, வேரூன்றிய மலையில் நோயின் அடர்த்தி எவ்வளவு ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் ஒரே எண்தான் விடை. இந்தப் பிரிவிலேயே மிக அழகான சமன்பாடு இது என்பது நமது கருத்து.

முடிவிலிச் சாலகத்தின் நெடுங்காலப் போக்கை இப்போது சொல்லிவிடலாம். எல்லாச் செடியும் நலம் என்பது எப்போதும் ஓர் உறுதிநிலை. நோயே இல்லாத மலையில் நோய் தானாகப் பிறக்காது. அவதிப் பெறுமானத்துக்கு மேலே இரண்டாவது உறுதிநிலை ஒன்று தோன்றுகிறது: நோயின் அடர்த்தி மாறாது, ஆனால் எந்தச் செடி என்பது மாறிக்கொண்டே இருக்கும். எந்தத் தொடக்கத்திலிருந்து ஓட்டினாலும் ஈற்றில் இந்த இரண்டில் ஒன்றையே தொகுதி நெருங்கும்: தொற்று அழிந்துபோகும் நிகழ்தகவோடு முதலாவதை, பிழைக்கும் நிகழ்தகவோடு இரண்டாவதை. லாம்டா சரியாக அவதிப் பெறுமானத்திலேயே இருந்தால்? நீண்ட காலம் திறந்து கிடந்த இந்தக் கேள்விக்கு 1990 இல் பெசூடன்ஹவுட்டும் கிரிமெட்டும் விடை சொன்னார்கள்: நோய் அழியும்.

பத்தாயிரம் செடி முடிவிலி அல்ல

இங்கேதான் புதியவர்கள் பெரிதும் குழம்புகிறார்கள். செடிகளின் எண்ணிக்கை முடிவுள்ளது என்றால், லாம்டா எவ்வளவு பெரிதானாலும் நோய் ஒருநாள் நிச்சயமாக அழியும். ஓர் அலகு காலத்துக்குள் எல்லாச் செடிக்கோடுகளிலும் பெருக்கல் குறி விழுந்து, ஓர் அம்புகூட விழாமல் இருக்கும் நிகழ்தகவு பூச்சியமல்ல. பூச்சியமல்லாத ஒன்று போதிய தடவை வாய்ப்புக் கிடைத்தால் நடந்தே தீரும்.

எத்தனை தடவை? லாம்டா 0.5 எனின் ஒரு செடிக்கு அந்த நிகழ்தகவு 0.632 × 0.135, அதாவது 0.0855. வெறும் 100 செடிக்கு அதன் 100 ஆம் அடுக்கு: 10 இன் −107 ஆம் அடுக்கு. எல்லாம் ஒரே அலகில் நடக்க வேண்டும் என்பது தேவைக்கு மேற்பட்ட நிபந்தனை. உண்மையான அழிவு இதைவிட மிக முன்னதாகவே வரும். ஆனாலும் அவதிப் பெறுமானத்துக்கு மேலே அழிவுக்காலம் செடிகளின் எண்ணிக்கையோடு அடுக்குக்குறியாகவே பெருகும். கீழே அப்படி இல்லை. அங்கே அது எண்ணிக்கையின் மடக்கையோடு மட்டுமே வளரும். தொற்றே இல்லாமல் எல்லாச் செடியும் தானாகத் தேறும் எல்லை நிலையை எடுங்கள்: கடைசிச் செடி தேறச் சராசரியாக 100 செடிக்கு 5.2 அலகு, 10,000 செடிக்கு 9.8 அலகு. செடிகள் நூறு மடங்கு, காலம் இரண்டு மடங்குகூட இல்லை.

ஆகவே முடிவுள்ள மலையில் நோய் ‘நிலைக்கிறது’ என்றால், அழிவுக்காலம் எந்த நடைமுறைக் காலத்தையும் தாண்டிவிட்டது என்பதுதான் பொருள். ஈற்று நிலை எது என்று மட்டும் கேட்டால் விடை எப்போதும் ‘நலம்’. அந்த விடையால் தோட்டத்துக்குப் பயனில்லை.

கணினியில் ஓட்டிப் பார்க்க

நோயுற்ற செடிகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு செடியும் பட்டியலில் எத்தனையாவது என்று சொல்லும் அட்டவணை ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு படியிலும் பட்டியலிலிருந்து ஒரு செடியை எழுமாறாக எடுங்கள். 1/(1 + 4 × லாம்டா) நிகழ்தகவோடு அதைத் தேற்றுங்கள். இல்லையேல் நான்கு அண்டைகளில் ஒன்றை எழுமாறாகத் தெரிந்து, அது நலமாயிருந்தால் நோயுறச் செய்யுங்கள், ஏற்கனவே நோயுற்றிருந்தால் எதையும் மாற்றாதீர்கள். எந்த விளைவானாலும், படிக்கு முன் பட்டியலில் இருந்த எண்ணிக்கையை (1 + 4 × லாம்டா) ஆல் பெருக்கி, 1 ஐ அதனால் வகுத்து வருவதைக் காலத்தோடு கூட்டுங்கள். தேறிய செடியை நீக்கும்போது பட்டியலின் கடைசிச் செடியை அந்த வெற்றிடத்துக்கு நகர்த்தினால் வேகம் கெடாது. நகர்த்திய செடியின் அட்டவணை எண்ணைத் திருத்த மறந்தால் சில ஆயிரம் படிகளில் பட்டியல் குழம்பிவிடும். 5,000 நோயுற்ற செடிகள், லாம்டா 0.5, 1,000 அலகு காலம் என்றால் ஒன்றரைக் கோடிப் படிகள். சாதாரண மடிக்கணினிக்கு அது சிறிய வேலை.

வழக்கமாக வரும் பிழைகள் சில. வீணான முயற்சிக்குக் காலத்தைக் கூட்டாமல் விடுவது முதலாவது. அப்படிச் செய்தால் திட்டுகள் அடர்ந்த நேரத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும், எல்லா அளவீடும் கோணும். மலை முழுவதையும் ஒரே நேரத்தில் புதுப்பிப்பது இரண்டாவது. அது வேறொரு மாதிரி, அதன் அவதிப் பெறுமானமும் வேறு, 0.4122 ஐ அங்கே தேடக்கூடாது. ஓரச் செடிகளுக்கு அண்டை குறைவு என்பதால் சிறிய மலையில் நோய் எளிதில் அழியும். இடது ஓரத்தை வலது ஓரத்தோடும், மேலைக் கீழோடும் இணைத்துவிட்டால் அந்தக் கோணல் நீங்கும். நிஜ மலையின் ஓரத்தையே ஆராய்பவர் மட்டும் அப்படி இணைக்க வேண்டாம்.

ஒரு தடவை ஓட்டிவிட்டு முடிவெடுப்பதும் ஆகாது. ஒரு செடியில் தொடங்கி 1,000 தடவை ஓட்டி, 300 தடவை நோய் பிழைத்தால் பிழைக்கும் நிகழ்தகவு 0.30, நியம வழு ஏறக்குறைய 0.0145.

அவதிப் பெறுமானத்தை நீங்களே காண விரும்பினால் எல்லாச் செடியையும் நோயோடு தொடங்கி, அடர்த்தியையும் காலத்தையும் இரண்டு அச்சிலும் மடக்கை அளவில் வரையுங்கள். லாம்டா குறைவென்றால் கோடு கீழே மடங்கும், கூடுதலென்றால் மட்டமாகும், சரியான இடத்தில் நேர்கோடாக, சரிவு −0.45 ஓடு இறங்கும். காலம் பத்து மடங்காகும்போது அடர்த்தி 0.35 பங்காகக் குறையும். 0.410 ஐயும் 0.415 ஐயும் பிரித்தறிய நீண்ட ஓட்டம் வேண்டும், ஏனெனில் அவதிக்கு அருகில் தொகுதி மிக மெதுவாகவே தன் முடிவை எடுக்கிறது. ஓட்டத்தை நீட்டினால் மலையையும் பெரிதாக்க வேண்டும்: பக்கத்தின் நீளத்தை இரட்டித்தால் ஓரத்தின் தாக்கம் தெரியத் தொடங்கும் காலம் ஏறக்குறைய 3.4 மடங்காகும்.

தொடக்கத்தை மறக்காத தொகுதிகள்

எல்லாத் தொகுதியும் இப்படி நடப்பதில்லை. அதே மலையில் இரண்டு தேயிலை வர்க்கங்கள் கலந்து நிற்பதாக வையுங்கள். ஒரு செடி பட்டுப்போனால் நான்கு அண்டைகளில் எழுமாறாக ஒன்றிலிருந்து துண்டு எடுத்து அந்த இடத்தில் நடுகிறோம் என்று கற்பனை செய்யுங்கள். வாக்காளர் மாதிரி எனப்படும் இதை 1973 இல் கிளிஃபோர்டும் சட்பரியும், 1975 இல் ஹோலியும் லிகெட்டும் ஆராய்ந்தார்கள். இங்கே கேள்வி, ஈற்றில் ஒரே வர்க்கம் மலையை ஆளுமா, இரண்டும் கூடி வாழுமா என்பது.

விடை பரிமாணத்தில் தங்கியிருக்கிறது. ஒரு செடியின் வம்சத்தைப் பின்னோக்கித் தேடிப் போனால், அந்தப் பாதை சாலகத்தில் எழுமாற்று நடை போடும். இரண்டு செடிகளின் பாதைகள் சந்தித்துவிட்டால் அவற்றுக்கு மூதாதை ஒன்றே, ஆகவே வர்க்கமும் ஒன்றே. இரண்டு பாதைகளுக்கு இடையிலான இடைவெளியும் ஓர் எழுமாற்று நடையே; அது பூச்சியத்துக்கு வருவதுதான் சந்திப்பு. 1921 இல் போல்யா காட்டியபடி, ஒரு பரிமாணத்திலும் இரு பரிமாணத்திலும் எழுமாற்று நடை நிச்சயம் திரும்பி வரும். மூன்று பரிமாணத்தில் திரும்பும் நிகழ்தகவு 0.34 மட்டுமே. எனவே மலையின் தளத்தில் திட்டுகள் முடிவின்றி வளர்ந்து, எந்த இரண்டு செடியை எடுத்தாலும் ஒரே வர்க்கமாக இருக்கும் நிகழ்தகவு 1 ஐ நெருங்கும். முப்பரிமாணச் சாலகத்தில் இரண்டும் என்றும் கூடி வாழும். தளத்திலும் இந்த நெருக்கம் மிக மெதுவானது: வேறுபட்ட அண்டைச் சோடிகளின் பங்கு காலத்தின் மடக்கையால் வகுபடும் அளவுக்கே குறைகிறது. ஓரங்களை இணைத்த முடிவுள்ள மலையில் ஒரு வர்க்கம் வெல்லும் நிகழ்தகவு தொடக்கத்தில் அதற்கிருந்த பங்குக்குச் சமம். நூற்றுக்கு 20 ஆகத் தொடங்கியது, ஐந்தில் ஒரு வாய்ப்போடு முழு மலையையும் ஆளும்.

விலக்குச் செயன்முறை என்ற இன்னொரு மாதிரியில் துணிக்கைகள் பிறப்பதுமில்லை, இறப்பதுமில்லை. வெற்றிடம் கண்டால் நகரும், அவ்வளவே. எண்ணிக்கை காக்கப்படுவதால் ஒவ்வோர் அடர்த்திக்கும் ஓர் உறுதிநிலை உண்டு.

நிஜ மலைக்குப் போகும்போது

கொப்புள நோய் இலங்கைக்கு 1946 இல் வந்தது. அதன் வித்திகளைக் காற்றுக் கொண்டுபோகும், ஈரமும் குளிரும் அவற்றை முளைக்க வைக்கும், இளந்தளிரையே அவை பிடிக்கும். ஆகவே லாம்டா மாறிலியல்ல. தென்மேல் பருவமழை மாதங்களில் தலவாக்கலைப் பக்கம் அது உயரும்; அதே காலத்தில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்டு கிடக்கும். கவ்வாத்து வெட்டியபின் துளிர்க்கும் மலை முழுவதும் இளந்தளிர் என்பதால் அங்கே லாம்டா இன்னும் அதிகம். கொழுந்து எடுக்கும் சுற்றைச் சுருக்கினால் நோயுற்ற தளிர் முன்னதாகவே செடியை விட்டு நீங்கும். மாதிரியின் மொழியில் அது தேறும் வீதத்தைக் கூட்டுவது.

காற்றைச் சேர்க்க நிரலில் ஒரே ஓர் இடத்தை மாற்றினால் போதும். நான்கு அண்டைகளுக்குப் பதில், செடியைச் சுற்றி 11க்கு 11 சதுரத்திலுள்ள 120 செடிகளில் ஒன்றை எழுமாறாகத் தெரியுங்கள். ஒரு செடியின் மொத்தத் தொற்று முயற்சி வீதத்தை மட்டும் அளவுகோலாக வையுங்கள். நான்கு அண்டைகள் இருந்தபோது அந்த மொத்த வீதத்தின் அவதிப் பெறுமானம் 4 × 0.4122, அதாவது 1.649. சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அது 1 ஐ நோக்கி இறங்கும். தூரத்தில் விழும் வித்திக்கு அடைபட்ட அண்டை அரிது, முயற்சி வீணாவதும் அரிது. தொடக்கத்தில் சறுக்கிய சராசரிக் கணக்கு இங்கே மெல்ல மெல்லச் சரியாகிறது. வேகம் குறைந்த தொற்றும் காற்றுள்ள மலையில் வேரூன்றுவது இதனால்தான்: மொத்த வீதம் 1.4 உள்ள நோய், அண்டைக்கு மட்டும் ஒட்டினால் அழியும், தொலைதூரம் பறந்தால் நிலைக்கும்.